ரோஸ் உடையின் மடிப்பு

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் கிறிஸ்தவர் யாரும் இல்லை. பாட்டி மார்கழி தவறாமல் விடியலில் எழுந்து கோலம் போட்டவர். ஆனாலும் இங்கே லண்டனில் எந்தக் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள் நுழைந்தாலும், சாமியார் உடுத்தியிருக்கும் நிறம் என் கண்ணில் முதலில் படும். அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நான் படித்த பள்ளிச் சிற்றாலயத்தின் தேக்கு பீரோ.

1979. ஏழாம் வகுப்பு. அப்பா என்னை அழைத்துப்போக வருவதற்குள் ஆறு மணி ஆகிவிடும். சிற்றாலயத்தைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் திருநெல்வேலிக்காரர். "சும்மா உட்கார்ந்திருக்காதம்மா, வந்து ஒரு பக்கம் பிடி" என்று கூப்பிட்டார். பூசை உடையை இரண்டு பேர் பிடித்தால்தான் சீராக மடிக்க வரும். சரிகைச் சிலுவை மடிப்பில் விழக்கூடாது. நடுவில் மல் துணி வைத்து, மூன்றாக மடித்து, இழுப்பறையில் கிடத்த வேண்டும்.

மேல் இழுப்பறையில் பச்சை. பெரிய பண்டிகைக் காலங்களில் சேராத பொதுக்காலம் ஆண்டுக்கு 33 அல்லது 34 வாரம் வரும் என்பதால் அதன் கழுத்துப் பட்டை நைந்தே போயிருந்தது. அடுத்தது ஊதா, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்துக்கும், திருநீற்றுப் புதனில் தொடங்கும், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலத்துக்கும். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை. சிவப்பு இரத்தம், சிவப்பு நெருப்பு: குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டரின் ஐம்பதாம் நாளான தூய ஆவிப் பெருவிழா, விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளின் நாள்கள்.

எனக்கு உயிர் ரோஸ் உடைதான். திருவருகைக் காலத்தின் 3ஆம் ஞாயிறு, தவக்காலத்தின் 4ஆம் ஞாயிறு என்று ஆண்டில் இரண்டே நாள் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் மடிந்தே கிடந்ததால் எத்தனை முறை தேய்த்தாலும் அந்த மடிப்புக் கோடு போகாது. "நோன்புக்கு நடுவுல கொஞ்சம் சந்தோஷப்படணும்மா, இல்லேன்னா மனுஷனுக்குத் தாங்காது" என்பார் சிஸ்டர். பாட்டியிடம் சொன்னேன். "சரியாத்தான் வச்சிருக்காங்க" என்றார்.

தவக்காலத்தில் பெங்களூரில் ஜகராண்டா பூக்கும். கப்பன் பூங்கா ஓரத்து நடைபாதையே ஊதாவாகிவிடும். தூய ஆவிப் பெருவிழா வருவதற்குள் குல்மொஹர் சிவந்திருக்கும். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்கும்படி அந்த ஊருக்கு மரங்களைத் திட்டமிட்டவர் லால்பாக் தாவரத் தோட்டத்தைக் கவனித்த ஜெர்மானியர் கிரும்பீகல். சாலையும் பீரோவும் ஒரே நிறத்தில் இருந்த அந்த வாரங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

செப்டம்பர் 8 மட்டும் வேறு கதை. மாதா பிறந்தநாளுக்குப் பீடத்தில் வெள்ளை. சிவாஜிநகர் தூய மரியன்னை பசிலிக்காவைச் சுற்றித் தெருவெங்கும் காவிச் சேலை. மக்கள் தாங்களே எடுத்துக்கொண்ட அந்த நிறமும் எனக்குப் புனிதமானதுதான்.

அடி இழுப்பறையில் நாப்தலின் வாடையோடு கறுப்பு உடை ஒன்று இருந்தது, வெள்ளிச் சரிகை வைத்தது. முன்பெல்லாம் பெரிய வெள்ளிக்குக் கறுப்பு. 1970இல் வந்த புதிய திருப்பலி நூல் அதைச் சிவப்பாக்கியது. சிஸ்டர் அதை உடுத்த எடுத்ததே இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வெயிலில் உலர்த்தி, திரும்ப மடித்து வைப்பார்.

2019 நவம்பர் 30, சனிக்கிழமை, பள்ளிக்குப் போனேன். சிஸ்டர் காலமாகிப் பல ஆண்டுகள். பீரோ அதே இடத்தில் இருந்தது. புதிதாக வந்திருந்த இளம் சிஸ்டர் நாளைய நிறம் பார்க்க நாட்காட்டியைத் தேடினார்.

"ஊதா, சிஸ்டர். நாளைக்குத் திருவருகைக் காலம் தொடங்குது" என்றேன்.

அவர் வியந்து பார்த்துவிட்டு இரண்டாவது இழுப்பறையை இழுத்தார். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.