ஒகேனக்கல் நீரும் வீடியோவின் உள்வடிகட்டிகளும்

ஒகேனக்கல்லில் எடுத்த வீடியோவைக் குறைந்த பிட் வீதத்தில் (நொடிக்குச் செலவிடும் தரவின் அளவு) சுருக்கினால், ஆற்றில் மிதக்கும் பரிசலும் அதில் இருப்பவர்களும் ஓரளவு தெளிவாகவே இருப்பார்கள். பின்னால் விழும் நீர்தான் சதுரம் சதுரமாக உடையும். இதற்குக் காரணம் கேமரா அன்று. முந்தைய ஃபிரேமை, அதாவது வீடியோவின் ஒரு தனிப்படத்தை, கொண்டு அடுத்த ஃபிரேமைக் கணிப்பதுதான் வீடியோ சுருக்கத்தின் உயிர்நாடி. பரிசல் நகர்ந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று குறித்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். (பரிசலோட்டி பரிசலைச் சுழற்றிவிட்டால் கணக்கு மாறும், அதற்கென விவிசி (VVC) என்ற வீடியோ சுருக்கத் தரநிலையில் சுழற்சியையும் கணிக்கும் வழி உண்டு.) கொட்டும் காவிரிக்கோ இந்தக் கணிப்பு பொருந்துவதே இல்லை. இந்தக் கணத்தில் இருந்த நீர்த்துளி அடுத்த கணத்தில் அதே வடிவில் எங்கும் இருக்காது. கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகிறது. அதை முழுமையாகச் சொல்லப் பிட்டுகள் போதாமல், வீடியோவைச் சுருக்கும் என்கோடர் தோராயமாக்குகிறது. ஃபிரேம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே தோராயமாவதால் கட்டங்களின் எல்லைகள் கோடுகளாகத் துருத்துகின்றன.

இந்தக் கோடுகளை மழுப்பும் வடிகட்டி என்றால், திரையில் காட்டுவதற்கு முன் செய்யும் ஒப்பனை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் 2003-இல் வந்த ஹெச்.264 (H.264) என்ற சுருக்கத் தரநிலையில் வடிகட்டி கணிப்புச் சுற்றுக்குள்ளேயே வைக்கப்பட்டது: வடிகட்டப்பட்ட ஃபிரேமே அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கு ஆதாரமாகிறது. ஆதாரம் சுத்தமாக இருந்தால் கணிப்பு மேம்படும். கணிப்பு மேம்பட்டால் அனுப்பவேண்டிய வேறுபாடு சுருங்கும். ஆகவே வடிகட்டி அழகுக்காக மட்டும் இல்லை, அது பிட்டுகளையும் மிச்சப்படுத்துகிறது. இதே காரணத்தால் என்கோடரும், சுருக்கியதை விரித்துக் காட்டும் டிகோடரும் பிக்சல் பிசகாமல் ஒரே வடிகட்டலைச் செய்தாக வேண்டும். இல்லையெனில் பிழை ஃபிரேமுக்கு ஃபிரேம் குவிந்துகொண்டே போகும்.

எல்லா இடத்தையும் ஒரே அளவில் மழுப்பினால், ஐந்தருவிப் பாறையின் உண்மையான விளிம்பும் கரைந்துவிடும். அதனால் ஹெச்.264 ஒவ்வொரு எல்லைக்கும் 0 முதல் 4 வரை ஒரு வலிமையைக் கணக்கிடுகிறது. அத்துடன், எல்லையின் இரு பக்கப் பிக்சல்களுக்கு இடையிலான வேறுபாடு ஒரு வரம்பைத் தாண்டினால், அது காட்சியிலேயே உள்ள விளிம்பு என்று கொண்டு தொடாமல் விட்டுவிடுகிறது. அந்த வரம்பும் நிலையானது அன்று. தோராயம் கூடக் கூட அதுவும் கூடும். 2013-இல் அடுத்த தரநிலையாக வந்த ஹெச்இவிசி (HEVC) இந்த வடிகட்டியை 8-க்கு 8 பிக்சல் கட்ட எல்லைகளுக்கு மட்டும் என்று எளிதாக்கி, அதற்குப் பின் இன்னொரு படியைச் சேர்த்தது. அந்தப் படியில் பாறை விளிம்பை ஒட்டி எழும் அலையலையான கறைகளுக்கு ஒரு திருத்தமும், சாரல் படலம் போன்ற, ஒளி மென்மையாக மாறும் பரப்புகளில் ஏற்படும் விலகலுக்கு வேறொரு திருத்தமும் உண்டு.

என்னை மிகவும் கவர்ந்தது 2020-இல் விவிசியில் இடம்பெற்ற, படத்துக்கு ஏற்ப மாறும் தகவமை வடிகட்டிதான். ஹெச்இவிசியை உருவாக்கியபோதே ஆராயப்பட்டு, கணக்கீட்டுச் சுமை கருதி அன்று விலக்கப்பட்டது இது. ஒளிர்வுப் படத்தை (நிறம் நீங்கிய ஒளி அளவை) 4-க்கு 4 பிக்சல் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதைக் கொண்டு 25 வகைகளில் ஒன்றில் சேர்க்கிறது. செங்குத்தாக விழும் நீர் ஒரு வகையிலும், பக்கவாட்டில் ஓடும் அலை வேறொரு வகையிலும் அமையலாம். மூலப்படம் என்கோடரிடம் இருப்பதால், கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு வகைக்கும் பிழையைக் குறைந்தபட்சமாக்கும் கெழுக்களை (வடிகட்டியின் பெருக்கு எண்களை)க் கணக்கிட்டு அது அனுப்புகிறது. ஆனால் எந்தத் துண்டு எந்த வகை என்பதை அது அனுப்புவதே இல்லை. டிகோடர் தன்னிடம் உள்ள படத்திலிருந்தே அதைக் கண்டுகொள்கிறது. வைர வடிவில் 25 பிக்சல்களைத் தொடும் வடிகட்டி சமச்சீராக இருப்பதால், வகைக்கு 12 கெழுக்களே போதும். எதை அனுப்புவது, எதை இருபுறமும் தாமாகவே அறிந்துகொள்வது என்ற இந்தப் பங்கீட்டில்தான் சுருக்கத்தின் திறனே இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஆனால் சராசரிப் பிழை குறைவது வேறு, கண்ணுக்கு நீராகத் தெரிவது வேறு. சாரலின் பொடிப்பொடியான நெருடல் கணக்குக்குக் கிட்டத்தட்ட இரைச்சல் போன்றது. பிழையைக் குறைக்க முயலும் வடிகட்டி அதை வழவழப்பாக்கவே விரும்பும். பழைய கைப்பேசிகளிலும் ஓடவேண்டும் என்பதால் இன்னும் ஹெச்.264-இலேயே வெளியிடும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்வேன்: எக்ஸ்264 (x264) என்ற ஹெச்.264 என்கோடரில், கட்ட எல்லை வடிகட்டியின் அளவைக் குறிக்கும் டீபிளாக் (deblock) என்ற அமைப்பு -6 முதல் 6 வரை இரண்டு எண்களை ஏற்கும், இயல்பு நிலை 0:0. அருவிக் காட்சிகளுக்கு வடிகட்டியைத் தளர்த்த அதை -1:-1 என்று இறக்கி, கூடவே பிட் வீதத்தையும் சற்று உயர்த்துங்கள். பிட் வீதத்தை உயர்த்தாமல் வடிகட்டியை மட்டும் தளர்த்தினால் சதுரங்கள்தான் திரும்ப வரும்.