கடிதத்தில் கேள்வி இருக்கட்டும்

அம்மாவுக்கு 76 வயது. பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தது. நீரிழிவு உண்டு; சிறுநீரகங்களும் ஏற்கெனவே பலவீனம். இவை எதுவும் முதல் பரிந்துரைக் கடிதத்தில் இல்லை. 'வால்வு மாற்று அறுவை சிகிச்சைக்காக அனுப்புகிறேன்' என்ற ஒற்றை வரிதான் இருந்தது. அது அறுவை சிகிச்சை நிபுணரின் பெயருக்குப் போனதால், அங்கே நடந்த பேச்செல்லாம் நெஞ்சைத் திறந்து செய்யும் சிகிச்சையைப் பற்றியதுதான்: எந்த வகை வால்வு, எப்போது சேர்ப்பது, ரத்தம் எவ்வளவு தேவைப்படும். செய்யத்தான் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அந்த அறுவை நிபுணரை நான் குறை சொல்லமாட்டேன். கேட்டதற்கு அவர் பதில் சொன்னார்.

நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாக கதீட்டர் என்னும் மெல்லிய குழாயால் வால்வைச் செலுத்திப் பொருத்தும் முறை 2002 முதலே இருக்கிறது. 65 முதல் 80 வயதுவரை உள்ளவர்களுக்குப் பொதுவாக இரண்டு வழிகளையும் விளக்கி, நோயாளியோடு கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல். எங்களிடம் அந்தப் பேச்சே எழவில்லை.

அம்மாவைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் பொது மருத்துவரிடம் போனோம். அவர் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு எப்படி ஏறி வந்தது, என்னென்ன மாத்திரைகள், எவ்வளவு தூரம் நடந்தால் மூச்சு வாங்குகிறது, வீட்டு வேலைகளைத் தானே செய்கிறாரா. டயாலிசிஸ் என்றாலே அம்மா நடுங்குவார் என்பதைக்கூட எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிவில் ஒரு கேள்வி: 'இவருக்கு எந்த வழி பொருத்தம்? இதயக் குழு கூடிப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.'

அந்தக் கேள்விக்குப் பிறகு எல்லாமே மாறியது. அதே அறுவை நிபுணர், இதயநோய் மருத்துவர், மயக்க மருத்துவர், சிறுநீரக மருத்துவர் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள். உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அறிய, அம்மாவை ஐந்து மீட்டர் நடக்கவைத்து நேரம் குறித்தார்கள். கதீட்டர் வழியிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ரத்தக்குழாய்களை அளக்க எடுக்கும் சிடி ஸ்கேனுக்குச் செலுத்தும் சாயமே சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வால்வு பொருத்தியபின் இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படலாம். சாயத்தின் அளவைக் குறைத்து, சில மாத்திரைகளை முன்கூட்டியே நிறுத்தி, கதீட்டர் வழியையே தேர்ந்தெடுத்தார்கள். அதை முதலில் பரிந்துரைத்தவர் அந்த அறுவை நிபுணர்தான்.

பேஸ்மேக்கர் தேவைப்படவில்லை. கிரியேட்டினின் பழைய அளவிலேயே நிற்கிறது. இப்போது கண்புரை அறுவைக்கான கடிதத்தையும் அதே பொது மருத்துவரிடம்தான் கேட்டிருக்கிறோம்.