நிழல் தெற்கே விழும் மாதங்கள்

வீட்டுப்படம் கீறுவது என் தொழில். இப்போது பென்சில் பிடிப்பதே அரிது. கணினியில் முப்பரிமாணப் படம் செய்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் வாட்ஸப்பில் அனுப்புகிறேன். அத்திவாரம் வெட்டுமுன் அங்கிருக்கும் வீட்டுக்காரர்கள் அந்த வீட்டில் நூறு தடவை குடிபுகுந்துவிடுகிறார்கள். கட்டியபின் ஆண்டுக்கு இரண்டு கிழமை வந்து நிற்பதே பெரிது.

யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு காணி. வைகாசி வெயிலில் படத்தை மேசன் அண்ணையிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது எந்த ஊர் வீடு? நிழல் வடக்கே விழுகிறதே."

குனிந்து பார்த்தேன். நடுப்பகல். என் குட்டை நிழல் தெற்கே கிடந்தது. சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் சூரியன் எங்கள் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும். ஓகஸ்ட் கடைசிவரை அப்படித்தான். மென்பொருளில் இருந்ததோ எந்த நாட்டுச் சூரியனோ. அதை நம்பி வடக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்திருந்தேன், கூரையிறக்கம் ஒரு முழம்கூட விடாமல். நடுவே முற்றம் வைத்த நாற்சார் வீட்டில் பிறந்தவன் செய்கிற வேலையா இது? அங்கே தாழ்வாரம் இறங்கி வந்து வெயிலை முற்றத்திலேயே நிறுத்திவிடும்.

நகரில் இப்போது பெரிய கட்டிடம், பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் எழுந்த கலாசார மையம். பதினொரு மாடி. 2022 மார்ச்சில் அதைக் கொழும்பிலிருந்து இணையவழியில் திறந்துவைத்தார்கள். மின்வெட்டுக் காலம், சைக்கிளில் பத்து நிமிடத்தில் போகக்கூடிய கட்டிடத்தின் திறப்பை, சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்த போனில் பார்த்தேன். அடுத்த ஆண்டு பெப்ரவரியில்தான் மக்களிடம் கையளித்தார்கள். ட்ரோன் படங்களில் கோபுரம் தனியாக, மிதப்பாக நிற்கும். கீழே நின்றால் கழுத்துத்தான் வலிக்கிறது. கண் தானாகவே நூலகத்தின் வெள்ளைக் குவிமாடத்துக்குப் போய்விடுகிறது. 1981இல் எரிந்து, பழைய உருவிலேயே மீண்டும் எழுந்தது அது. படத்தில் பார்ப்பவருக்கு எரிந்த சுவடே தெரியாது. அந்தச் சீர் எனக்குச் சில நாள் ஆறுதல், சில நாள் எரிச்சல்.

ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' நூலை அடிக்கடி புரட்டுவேன். தோம்பு என்றால் பழைய காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து கீறிய தளப்படங்கள் அதில் இருக்கின்றன. என் மேசையில் அப்படியொரு கோடு விழுந்தால் அழித்துவிட்டுத்தான் மறுவேலை. ஆனாலும் அந்தக் கோணல் கோடுகளுக்குள் ஆட்கள் நடமாடுகிறார்கள்; என் மினுங்கும் படங்களில் வாடகைக்கு எடுத்த மரங்கள் நிற்கின்றன.

கொக்குவில் படத்துக்கு ரொறன்ரோ ஐயாவிடமிருந்து வந்த முதல் கேள்வி கண்ணாடியைப் பற்றியதல்ல.

"கிணறு எங்கே?"

கார் நிறுத்த இடம் வேண்டுமென்று நான்தான் அழித்திருந்தேன். காணியில் அது இன்னும் இருக்கிறது என்றேன். உடனே வீடியோ அழைப்பில் வந்தார். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். போனைக் கிணற்றுக்கட்டுக்கு மேலே பிடித்தேன். திரை இருண்டது, பொழிகல் சுவரில் முளைத்த பன்னம் மட்டும் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் குனியும் தம்பி," என்றார். "தண்ணீர் தெரியவில்லை."