கல்லீரல் என்று ஏழு மாதம்

மகனுக்கு அப்போது ஐந்து வயது. தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கையை ஊன்றி, தொடையைப் பிடித்துப் பிடித்துத்தான் நிமிர்வான். கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டிருக்கும். "பயில்வான் கால்" என்று மாமியார் திருஷ்டி கழிப்பார்.

காய்ச்சலுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு நொதிகளும் எகிறியிருந்தன. கடலூரில் பார்த்த டாக்டர் கல்லீரல் என்றார். ஏழு மாதம் சிரப், கீழாநெல்லி, எண்ணெய் சேர்க்காத சாப்பாடு. அந்த இரண்டும் தசையிலும் உண்டு, தசை சிதைந்தாலும் ரத்தத்தில் ஏறும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் மருந்துச் சீட்டைத் தொடவே இல்லை. "கீழே உட்காரு கண்ணா, இப்போ எழுந்திரு" என்றார். உடனே தசைச் சிதைவைக் காட்டும் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை எழுதினார். இருநூறுக்குள் இருக்க வேண்டியது, 18,000-ஐத் தாண்டியிருந்தது.

ஜிப்மருக்குப் போனோம். அங்கே பிள்ளையைவிட என் பிறந்த வீட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். பதினொரு வயதில் நடை நின்றது, பதினெட்டில் போய்விட்டான். போலியோ என்றுதான் வீட்டில் பேச்சு. "ஏழெட்டு வயசு வரைக்கும் ஓடினாரா? அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் முடியாமப் போச்சா?" என்று டாக்டர் கேட்டபோதே அது போலியோ இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

மரபணுவில் எந்தத் துண்டு இல்லை என்று பார்க்கும் எம்எல்பிஏ என்ற பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். டுஷேன் தசைச்சிதைவு. இந்த நோய்க்குக் காரணமான மரபணுவில் 79 துண்டுகளாம். இவனுக்கு 45 முதல் 50 வரை இல்லை. சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டால் அதற்குக் கீழே எல்லாமே கோணலாகுமே, அப்படித்தான் என்றார் டாக்டர். இந்த மாதிரி இழப்புக்கு, 51-ஆவது துண்டையும் தாண்டிப் படிக்க வைத்து மீதியை நேராக்கும் ஊசிக்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அதன் விலை எங்களுக்கு எட்டாது, நோயை முழுசாகக் குணப்படுத்துவதும் இல்லை.

நான் கட்டியது அத்தை மகனை. சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று ஊரே சொன்னது. அது தப்பு. இது தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது, அசலில் கட்டியிருந்தாலும் இதேதான். திரும்பி வரும்போது பஸ் அரியாங்குப்பம் பாலம் தாண்டும் வரை என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. பிறகு, "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

இப்போது தினமும் ஸ்டீராய்டு, ராத்திரியில் காலுக்கு ஸ்ப்ளின்ட் என்ற தாங்கு பட்டை, குதிகால் தசைநாண் இறுகாமல் நீட்டிவிடுதல், வருடம் ஒருமுறை இதயத்துக்கு எக்கோ. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஒரு தீபாவளிக்கு மாத்திரை தீர்ந்து நாங்கள் பட்ட பாடு போதும். எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள், சில மருந்துகள் இவர்களுக்கு ஆபத்து. மாற்றுத்திறனாளி அட்டையும் வாங்கிவிட்டோம்.

பாக்கி இருப்பது தங்கச்சி விஷயம். நெல்லிக்குப்பத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள், இன்னும் குழந்தை இல்லை. அம்மாவிடமிருந்து அவளுக்கும் இந்த மரபணுக் குறை வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. "அவகிட்ட சொல்லாதடி, அந்த வீட்டுல தெரிஞ்சா வாழ்க்கையே போயிடும்" என்று அம்மா அழுதாள். நான் சொல்லிவிட்டேன். கர்ப்பத்தின் பதினோராவது வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கலாம், ஆனால் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தானே?

போன வாரம் அவளாகவே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு இன்னும் வரவில்லை. அம்மா அவளோடு பேசுகிறாள். என்னோடுதான் பேசுவதில்லை.