கல்லாற்றிலிருந்து அவலாஞ்சிக்கு: உயரம் மாற மாறும் பறவைகள்

நீலகிரிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களில் பலர் நேரே ஊட்டியில் போய் இறங்கி, தொட்டபெட்டாவைச் சுற்றிவிட்டு அன்று மாலையே மலையிறங்கிவிடுகிறார்கள். பிப்ரவரிக் கடைசியில் எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி அதற்கு இசையவில்லை. கோத்தகிரிப் பக்கத்துப் படகர் ஹட்டி (படகர் சிற்றூர்) ஒன்றில் பிறந்து வளர்ந்த இளைஞர் அவர். மேட்டுப்பாளையத்தில் தொடங்கி, கல்லாறு, பர்லியாறு, குன்னூர், கோத்தகிரி என்று ஏறி, கடைசியாகத்தான் அவலாஞ்சிப் புல்வெளிக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மேட்டுப்பாளையத்துக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தால் முப்பது கிலோமீட்டர்கூட இராது. அதற்குள் நிலம் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. சமவெளியின் புழுக்கத்திலிருந்து உறைபனி விழும் உச்சி வரை அந்தச் சரிவில் காடு அடுக்கடுக்காக மாறுகிறது. காடு மாறும் இடத்தில் பறவையும் மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தை ஒவ்வொரு அடுக்கிலும் நிறுத்திக் காட்டியதுதான் அவர் எங்களுக்குச் செய்த பெரிய உதவி என்று நினைக்கிறேன்.

கல்லாற்றில் ஆற்றை ஒட்டிப் பாக்குத் தோப்புகள் இருக்கின்றன. தோப்பு முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில் மரங்கள் நெருங்கி, கொடிகள் பின்னி, வெயில் தரையைத் தொடாத ஈரக்காடு ஆரம்பிக்கிறது. யானைகள் இரு பக்கக் காடுகளுக்கும் கடந்து செல்லும் வழி இது என்பதால், வெளிச்சம் நன்றாகப் பரவும் வரை வண்டியை விட்டு இறங்க அவர் எங்களை அனுமதிக்கவில்லை. காத்திருந்த நேரம் வீண் போகவில்லை; ஆற்றுப் பாறைகளின் பக்கமிருந்து சீகாரப் பூங்குருவி பாடத் தொடங்கியிருந்தது. மனிதர் யாரோ மெட்டு நினைவுக்கு வராமல் சீழ்க்கையடித்துப் பார்ப்பது போன்ற குரல் அது. நீரின் இரைச்சலையும் மீறித் தெளிவாகக் கேட்கும்.

மழைக்காட்டில் முதலில் வேலை செய்வது காதுதான். அரை மணி நேரம் ஒரு சிறகசைவும் இல்லாமல் நின்றிருந்தோம். பிறகு ஒரே சமயத்தில் நாலா பக்கமும் பறவைகள். கீழ்ப்புதரில் சிலம்பன்கள், அடிமரத்தின் பட்டையில் தலைகீழாக இறங்கும் பசையெடுப்பான், நடுக்கிளைகளில் சின்னான்கள், இவற்றுக்கெல்லாம் மேலே துடுப்புவால் கரிச்சான் ஒன்று. பல இனங்கள் சேர்ந்து இரை தேடும் இந்தக் கலவைக் கூட்டத்தைப் பற்றி வழிகாட்டி மெல்லிய குரலில் விளக்கினார். ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு விதமாகத் தேடுவதால் அவற்றுக்குள் போட்டி குறைவு; பல கண்கள் ஒன்றாக இருப்பதால் வல்லூறு வந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். கரிச்சான் மேலே உட்கார்ந்து அபாயக் குரல் கொடுக்கிறது. மற்றப் பறவைகள் கிளப்பிவிடும் பூச்சிகளை அது பாய்ந்து பிடித்துக்கொள்கிறது. கூட்டம் கடந்து போக பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு காடு மறுபடியும் அசைவற்றுப் போனது.

அந்தக் கூட்டத்தின் பின்னால் வந்ததோ, முன்பே அங்கேதான் இருந்ததோ தெரியவில்லை. ஒரு கொடியின் வளைவில் தீக்காக்கை அமர்ந்திருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் காய்ந்த இலையின் பழுப்பு நிறம்தான் தெரிந்தது. ஆள் அரவம் கேட்டால் இந்தப் பறவை தன் சிவந்த வயிற்றை மறைத்து, மங்கலான முதுகைத் திருப்பிக்கொள்ளும். "அசையாதீங்க அக்கா, அதுவே திரும்பும்" என்றார் வழிகாட்டி. உடல் அசையாமல் தலையை மட்டும் மெதுவாகத் திருப்பி அது எங்களைப் பார்த்தது. பிறகு முழுவதுமாகத் திரும்பியது. கரிய தலை, கழுத்தடியில் வெண்ணிறக் கோடு, அதன் கீழே வயிறு முழுவதும் சிவப்பு. பெண்ணுக்கு இந்தச் சிவப்பு இல்லை, மஞ்சள் கலந்த பழுப்புத்தான் என்பதால் இது ஆண் என்று உறுதியாயிற்று. கம்பளிப்பூச்சி ஒன்றைப் பிடிக்கக் கிளம்பிப் போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பர்லியாற்றுச் சரிவில் மலை இருவாச்சியைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டோம். பள்ளத்தாக்கின் மேலே நீண்ட மூச்சு விடுவது போன்ற ஓசை, அது சிறகோசைதான். இருவாச்சியின் பறக்கும் இறகுகளின் அடிப்பகுதியைச் சிறு இறகுகள் சரியாக மூடுவதில்லை என்பதால், ஒவ்வொரு வீச்சிலும் காற்று அவற்றின் இடையே புகுந்து இந்த ஒலியை எழுப்புகிறது. ஒற்றைப் பறவை, ஆண். இந்தப் பருவத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தாலும் பழச்சக்கையாலும் வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைத்திருக்கும். வெளியே உள்ள ஆண் கொண்டுவந்து ஊட்டும் பழங்களை நம்பித்தான் வாரக்கணக்கில் அது உள்ளே கிடக்கிறது. எனவே தனியாகப் பறக்கும் ஓர் ஆண் இருவாச்சியைக் கண்டால், அருகில் எங்கோ ஒரு பழைய, பெரிய, பொந்துள்ள மரம் இன்னும் நிற்கிறது என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட மரங்களும் ஆண்டு முழுவதும் மாறி மாறிப் பழுக்கும் அத்தி வகைகளும் இல்லாத காட்டில் இருவாச்சி தங்காது.

குன்னூரில் அதிக நேரம் செலவிடவில்லை. தேயிலைத் தோட்டம் பச்சையாக இருப்பதால் காட்டின் தொடர்ச்சி என்று கண்ணுக்குத் தோன்றும். பறவைகளுக்கு அப்படித் தோன்றுவதில்லை. செம்மீசைச் சின்னான்களும் புதர்ச்சிட்டுகளும் அங்கே நிறைய உண்டு. கீழே பார்த்த பறவைகள் எதுவும் இல்லை, மேலே பார்க்கப்போகும் பறவைகளும் இல்லை.

கோத்தகிரியில் உள்ள, மலையுச்சி ஈரக்காடான லாங்வுட் சோலைதான் இந்தப் பயணத்தில் என் மனத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொண்ட இடம். 116 ஹெக்டேர்தான் பரப்பு. நகரமும் தேயிலையும் சூழ்ந்த நடுவில் நிற்கிறது. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் இங்கிருந்துதான் ஊறி வருகிறது என்பதால் ஊர்க்காரர்களே முன்வந்து பல காலமாக இதைக் காத்துவருகிறார்கள். 2024 ஜனவரியில் இந்தச் சோலை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஈரநிலம் என்றால் ஏரியும் சதுப்பும் என்று மட்டுமே நினைத்திருந்த எங்களில் ஒருவருக்கு அது வியப்பாக இருந்தது. உள்ளே நாலடி வைத்ததும் வியப்பு தீர்ந்தது. மரமெல்லாம் பாசி, பாசியெல்லாம் நீர். கால் வைத்த இடத்தில் இலைமக்கு அமுங்கி, எடுத்ததும் எழும்புகிறது. காட்டுச் செண்பகமும் நாவல் இனங்களும் உயரத்தில் குடைபோல் விரிந்து காற்றைத் தடுக்க, அவற்றின் அடியில் நண்பகலிலும் வெளிச்சம் அந்தி போலத்தான் இருக்கிறது.

முதலில் வந்தது கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். முழங்கால் உயரத்துக்கு மேல் அது ஏறவே இல்லை. எங்களிடமிருந்து நாலைந்து அடி தூரத்தில் ஒரு காய்ந்த குச்சியில் உட்கார்ந்து, தரையில் பூச்சியைக் கண்டதும் இறங்கி எடுத்துவிட்டு, மறுபடியும் அதே குச்சிக்கு வந்தது. தலையும் சிறகும் கரி நிறம், மற்றப் பகுதி முழுவதும் ஆரஞ்சு. இது கீழ்ப்புதரிலேயே வாழ்ந்து, அங்கேயே காய்ந்த இலைகளால் பந்து போன்ற கூடு கட்டி, இரண்டு முட்டையிடும் பறவை. சற்று மேலே, கிளை நுனியில், அவுரி நீலத்தில் நீலகிரி ஈப்பிடிப்பான் அமர்ந்திருந்தது. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை.

நாங்கள் தேடிவந்த நீலகிரிச் சோலைக்குருவி மட்டும் வரவில்லை. எங்களுடன் வந்திருந்த புகைப்படக்காரர் பொறுமையிழந்து, கைப்பேசியில் அதன் குரலைப் போட்டால் வந்துவிடுமே என்றார். "வேண்டாம் சார்" என்று வழிகாட்டி உடனே மறுத்துவிட்டார். "தன் இடத்துக்குள்ள இன்னொரு ஆண் வந்துட்டுதுன்னு நெனச்சு, இரை தேடறதை விட்டுட்டு எதிரியைத் தேடிக்கிட்டே இருக்கும். கூடு கட்டப் போற நேரம் வேற." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நூறு ஹெக்டேர்ச் சோலையில் இப்படிப்பட்ட ஆண்கள் எத்தனை இருக்க முடியும்? வார இறுதிதோறும் வருகிறவர்களெல்லாம் ஒலியைப் போட்டு அவற்றை அலைக்கழித்தால் இனப்பெருக்கம் என்ன ஆகும்? படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று வழிகாட்டிகள் உறுதியாக நிற்பதைத்தான் பறவை ஆர்வலர்கள் ஆதரிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மேலும் வெகுநேரம் நின்ற பிறகு, ஓடைக்கரையில் ஒரு வேரின் அடியிலிருந்து அது தானாகவே வெளியே வந்தது. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது. நீண்ட மெல்லிய கால்கள். தத்தித் தத்தி வந்து நிமிர்ந்து நின்றது. மேலே சாம்பல் கலந்த ஆழ்ந்த நீலம், கண்ணுக்கும் அலகுக்கும் இடையே கருமை, வயிற்றின் நடுவே வெண்மை, விலாவில் செம்பழுப்பு. ஒரு காய்ந்த இலையை அலகால் புரட்டித் தள்ளி, அடியிலிருந்த எதையோ விழுங்கிவிட்டு, மறுபடியும் வேருக்குள் போய்விட்டது.

அந்தச் செம்பழுப்பு விலாவைத்தான் நன்றாகக் கவனிக்கும்படி வழிகாட்டி சொல்லியிருந்தார். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலையிலும் பழனி மலையிலும் வாழும் இதன் நெருங்கிய உறவான வெள்ளைவயிற்றுச் சோலைக்குருவிக்கு விலாவில் இந்த நிறம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன்தான் நீலகிரிப் பறவையை முதலில் விவரித்தவர். பிற்காலத்தவர் இவ்விரண்டையும் வேறு வேறு பேரினங்களில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான மரபணு ஆய்வு, தென்னிந்தியச் சோலைகளுக்கே உரிய தனிப் பேரினமாக இவற்றைப் பிரித்தது. முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள அந்தக் கணவாய் ஒரு பருந்துக்குப் பெரிய தூரமில்லை. குளிர்ந்த சோலையின் தரையை விட்டு வெளியே வராத பறவைக்கோ, வெயில் காயும் அந்தத் தாழ்நிலத்தைக் கடப்பதற்கு வழியே இல்லை. இலட்சக்கணக்கான ஆண்டுகள் பிரிந்திருந்ததால் இரண்டும் தனித்தனி இனங்களாகிவிட்டன. கணவாய் செய்த அதே வேலையைச் சிறிய அளவில் தேயிலைத் தோட்டமும் சாலையும் இப்போது செய்துகொண்டிருக்கின்றன என்பதை லாங்வுட்டின் விளிம்பில் வந்து நின்று பார்த்தபோது உணர்ந்தேன். இங்குள்ள சோலைக்குருவி அடுத்த சோலைக்கு எப்படிப் போகும்?

நீலகிரிச் சிரிப்பான் இந்த அளவுக்குக் கூச்சப்படும் பறவையன்று. சோலை ஓரத்துப் புதர்களில் தவிட்டுப்பழம் தின்றுகொண்டு, ஒன்று கத்த மற்றவை தொடர, ஊர்த் தோட்டங்கள் வரைகூட வந்துவிடுகிறது. அழிந்துவரும் நிலையில் உள்ள இனம் என்று சொன்னால் அதன் ஆரவாரத்தைக் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் உலகத்தில் அதற்குள்ள இடம் இந்த மலையும் இதையொட்டிய சில உச்சிகளும் மட்டும்தான்.

அவலாஞ்சியில் வனத்துறை வாகனத்தில்தான் உள்ளே போக முடியும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய இடம் இது. அந்த நீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுவது மேலேயுள்ள புல்வெளியும் அதன் மடிப்புகளில் ஒடுங்கிக் கிடக்கும் சோலைகளும்தான். காலையில் பள்ளமான இடங்களில் புல் நுனியெல்லாம் உறைபனி வெளுத்திருந்தது. வெட்டவெளியில் விழும் இந்தப் பனி பெரும்பாலான சோலை மரங்களின் கன்றுகளைக் கருக்கிவிடுவதால், காடு மடிப்பைத் தாண்டி எளிதில் மேட்டுக்கு ஏறுவதில்லை. எனவே புல்வெளியை வெறும் தரிசு என்று எண்ணுவது தவறு. சோலையைப் போலவே அதுவும் பழமையானது.

ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பின்னும் தரிசு என்று எண்ணித்தான் அதில் யூகலிப்டஸும் சீகை (வாட்டில்) மரமும் நட்டார்கள். தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்த சீகை, நட்ட இடத்தோடு நிற்காமல் விதையால் பரவி மேட்டையெல்லாம் மூடிக்கொண்டது. நீலகிரி நெட்டைக்காலி புல்வெளியில் மட்டுமே வாழும் பறவை. சீகைக்குள் அதற்கு வேலையில்லை. தோடர்கள் தங்கள் கோவிலுக்குக் கூரை வேயும் புல் வளர்வது போன்ற ஒரு சதுப்பின் ஓரத்தில் அதைக் கண்டோம். பழுப்பில் அடர்ந்த கோடுகள். பார்க்க எளிமையான உருவம். பறக்காமல் புல்லுக்கிடையே விறுவிறுவென்று நடந்து, நாங்கள் நெருங்கியதும் எழும்பி அருகிலிருந்த காட்டுப் பூவரசின் கிளையில் போய் உட்கார்ந்தது. மரம் சிவக்கப் பூத்திருந்ததால் எல்லாருடைய கண்ணும் பூவின் மேல் போயிற்று. வழிகாட்டி மட்டும் பறவையைக் காட்டிக்கொண்டே இருந்தார். மலையின் இத்தனை அடுக்குகளிலும் மிகக் குறைந்த இடத்துக்குள் நெருக்கப்பட்டிருப்பது இதுதான் என்று அவர் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். வலசை வரும் பறவைகளையும் பார்க்க வேண்டுமானால் நவம்பர் முதல் மார்ச்சுக்குள் போவது நல்லது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஒன்றை ஊட்டிக்கு வெளியே ஒரு சோலை விளிம்பில் இந்தப் பருவத்தில்தான் எங்களால் பார்க்க முடிந்தது. சோலைக்குருவி பாடுவதைக் கேட்க விரும்புகிறவர்கள் ஏப்ரலிலோ மே மாதத்திலோ போகலாம். தென்மேற்குப் பருவமழையில் கீழ்க்காடுகளில் அட்டைகள் அதிகம். 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ளது) சோலையின் மங்கிய ஒளிக்கு ஏற்றது. மங்கிய பச்சை, பழுப்பு உடைகள் போதும். லாங்வுட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். உள்ளூரில் பிறந்த வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வெள்ளைவயிற்றுச் சோலைக்குருவியையும் பழனிச் சிரிப்பானையும் பார்க்க, கோடையில் கொடைக்கானலின் பாம்பார்ச் சோலைக்குப் போவதாக இருக்கிறோம்.