புதன்கிழமை வாடிக்கை

தெற்கு பிரான்ஸின் நீம் நகரில் படித்தபோது கைச்செலவுக்காக யூஸெஸ் சந்தையில் ஒரு ஆலிவ் கடையில் வேலைக்கு நின்றேன். நீமுக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் சிற்றூர் அது. சந்தை கூடும் இடம் ‘பிளாஸ் ஓ ஸெர்ப்’. நம் பேச்சில் சொன்னால் கீரைத் திடல். சுற்றிலும் வளைவுத் தாழ்வாரங்கள், நடுவே நீரூற்று, பிளேன் மரங்கள்.

சனிக்கிழமை பெரிய சந்தை. எங்கள் முதலாளியம்மாவுக்கு அன்று நிரந்தர இடம் கிடையாது. இருட்டோடு போய், இடம் ஒதுக்கும் ‘பிளாசியே’ வரும்வரை குளிரில் நிற்போம். நிரந்தரக்காரர் யாராவது வராவிட்டால்தான் எங்களுக்கு இடம். மேசையின் நீளத்தை மீட்டரில் கணக்கிட்டு வாடகை. விடிந்ததும் சுற்றுலாக் கூட்டம். பாதிப் பேர் வாங்க வருவதில்லை, போன் து கார் பாலத்துக்கு வழி கேட்க வருகிறார்கள். ரோமானியர் அந்தப் பாலத்தின் வழியாக நீமுக்குக் கொண்டுபோன தண்ணீர் இந்த ஊரின் யூர் ஊற்றில் புறப்பட்டதுதான் என்றால், தலையாட்டிவிட்டுப் படம் எடுப்பார்கள்.

புதன்கிழமைதான் எனக்குப் பிடித்தது. சுற்றுவட்டார விவசாயிகளின் சிறு சந்தை அது. முதல் புதனன்றே ஒரு பாட்டியிடம் திட்டு வாங்கினேன்: “முதலில் போன்ஜூர், அப்புறம் விலை.” வாரம் தவறாமல் நூறு கிராம் பிஷோலின் ரகப் பச்சை ஆலிவ் வாங்குவார், கால்மணி நேரம் பேசுவார். பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்காது.

அக்டோபரில் காய் பறிக்கப் போனபோது மரத்திலிருந்து ஒன்றைப் பறித்துக் கடித்தேன். நெல்லிக்காய்போலக் கடைசியில் இனிக்கும் என்று ஒரு நம்பிக்கை! நாக்கே செத்துவிட்டது. காரநீரில் கசப்பெடுத்து, கழுவி, உப்புநீரில் ஊறிய பிறகுதான் அது வாய்க்கு ஆகும். 1661இல் மாமாவின் தயவில் தேவாலய வருமானம் ஏதாவது கிடைக்காதா என்று இங்கே வந்த இளைஞர் ரசீனும் இதே தப்பைச் செய்தார். நாலு மணி நேரத்துக்கு மேல் வாய் கசந்ததாகக் கவிஞர் லா ஃபோந்தேனுக்கு எழுதினார். அவர் தேடிவந்த வருமானமும் கிடைக்கவில்லை. நாடகாசிரியரானது பிறகு.

மறுவாரம் பாட்டியிடம் இதைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“உப்புநீரை மாற்றினாயா, தம்பி?”

அதுவரை என்னை ‘நீங்கள்’ என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார்.