பெருவழியா, புல்மேடா, பம்பையா?

சபரிமலைக்கு எந்த வழியாக நடப்பது என்பதைக் குருசாமி சொல்வார், நாங்கள் இருமுடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் பின்னால் போவோம். ஒன்பது ஆண்டுகளாக நான் அறிந்த முறை அதுதான். சென்ற கார்த்திகையில் மாலை போட்ட அன்று, எங்கள் குருசாமியான பெரியப்பா என்னை அருகில் அழைத்து, "முட்டி இனிமே கரிமலையத் தாங்காது சாமி, இந்தத் தடவை வழியை நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். கரிமலை, எருமேலியிலிருந்து காட்டுக்குள் நடந்து பம்பைக்கு வரும் பெருவழியில் உள்ள கடினமான ஏற்றம். 18 ஆண்டுகளுக்கு மேல் மலை ஏறியவர் விட்டுக்கொடுத்த பொறுப்பு என்பதால், விரதத்தின் பாதி நாட்கள் எனக்கு அந்த யோசனையிலேயே கழிந்தன.

கம்பத்தில் இருக்கும் எங்களுக்கு மிக அருகில் உள்ளது புல்மேட்டு வழி. குமுளி, வண்டிப்பெரியாறு வழியாகச் சத்திரம் வரை வண்டியில் சென்றுவிட்டால், அங்கிருந்து சன்னிதானம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். திறந்த புல்வெளியும் காற்றும் மனத்தை நிறைக்கும். கடைசிப் பகுதி முழுவதும் காட்டுக்குள் செங்குத்தான இறக்கம் என்பதால், முட்டி வலிக்காரருக்கு ஏற்றத்தைவிட அது கொடுமை. மகரவிளக்கு நாளில் அந்தப் பக்கம் போகும் எண்ணமே எனக்கு இல்லை. 2011 ஜனவரி 14 இரவு புல்மேட்டு நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்ட சாமிமார்கள் இறந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

ஆனால் தூரத்தையும் முட்டியையும் விட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. புல்மேட்டிலிருந்து இறங்குபவர் சன்னிதானத்தின் பின்புறமாக வந்து சேர்கிறார். பம்பைக் குளியல், நீலிமலை, சபரிபீடம், சரங்குத்தி ஆகிய எதுவும் அந்த வழியில் இல்லை. அந்த ஆண்டு எங்கள் கூட்டத்தில் தங்கையின் மகன் கன்னிசாமி, முதல் முறை மலைக்கு வருபவன். எருமேலியில் வாங்கும் சரக்கோல் என்ற மர அம்பைக் கன்னிசாமி சரங்குத்தியில் குத்த வேண்டும். பெருவழியில் வரும் அழுதை ஆற்றில் மூழ்கி எடுக்கும் கல்லைக் கல்லிடும் குன்றில் போட வேண்டும். ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது அது எதைத் தருகிறது என்பதோடு எதை விட்டுவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆகவே கூட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். பெரியப்பாவும் இன்னும் இருவரும் நிலக்கல் வரை வண்டியில் சென்று, அங்கிருந்து பேருந்தில் பம்பைக்கு வந்து, நீலிமலையைத் தவிர்த்து ஏற்றம் குறைந்த சுவாமி ஐயப்பன் சாலையில் ஏறுவது. கன்னிசாமியோடு நாங்கள் நால்வர் பெருவழியில் நடப்பது. குருசாமி இல்லாத பெருவழியா என்று சிலர் முகம் சுளித்தார்கள். வண்டியில் வந்து பம்பையில் ஏறுபவரின் விரதம் குறைந்தது என்று பேசுவதை நான் ஏற்கவில்லை. 41 நாள் நோன்பு எல்லாருக்கும் ஒன்றுதான்.

எருமேலியில் பேட்டை துள்ளல் ஆட்டம் ஆடி, வாவர் பள்ளிவாசலை வணங்கி, பேரூர்த்தோடு, காளைகட்டி கடந்து அழுதைக் கரையில் இரவு தங்கினோம். அங்கிருந்து பம்பை ஏறத்தாழ 18 கிலோமீட்டர். யானை நடமாடும் புலிகள் காப்பகம் என்பதால் பொழுது சாயும் நேரத்தில் வனத்துறை உள்ளே விடாது, விடிந்ததும் கிளம்பினோம். அழுதை மேட்டில் பையனுக்கு மூச்சு வாங்கியது. கல்லைப் போட்டுவிட்டு முக்குழியில் கஞ்சி குடித்து, கரிமலையில் ஒவ்வொரு அடுக்காக ஏறுகையில் அவன் பேச்சை நிறுத்தியிருந்தான், சரணத்தை மட்டும் நிறுத்தவில்லை. உச்சியில் உட்காராமல் நடக்கச் சொன்னேன்; உட்கார்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும் என்பது பெரியப்பா சொல்லித் தந்தது. இறக்கத்தில் என் முழங்கால்களே நடுங்கியபோது, அவர் வராதது சரியென்று பட்டது. பெரியானை வட்டத்தை அடைந்தபோது பம்பையின் இரைச்சல் கேட்டது.

மறுநாள் நீலிமலை ஏறி மரக்கூட்டத்துக்கு வந்தோம். பெரியப்பா வரும் சாலை அங்கேதான் எங்கள் வழியோடு சேர்கிறது. இருமுடியோடு ஓரமாக நின்றிருந்தவர், பையனின் பாதங்களைப் பார்த்து, "கொப்புளம் உண்டா சாமி?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அவர் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் சரங்குத்திக்குப் போனோம். கன்னிசாமி சரக்கோலைக் குத்தியபோது அவர் கை அவன் தோளில் இருந்தது.